டீச்சர் வீட்டு இடாப்பு

அந்த வீட்டுக் கேற்றடியில் பூனைக்குட்டிப் பெட்டி வைத்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. 2019 ஆவணி மாதம், இருட்டின பிறகு. எங்கள் விறகுக் கொட்டிலில் குட்டி போட்ட பூனை ரோட்டில் அடிபட்டுச் செத்துவிட்டது. கண் திறந்து ஒரு கிழமைகூட ஆகாத இரண்டு குட்டிகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் பழைய துணி விரித்து வைத்து, டீச்சர் வீட்டுக் கேற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும் முன்னரே நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டுப் படுத்தேன். நல்ல நித்திரை. டீச்சர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்குமே அந்த நம்பிக்கை இருந்தது.

இதை எழுதலாமா என்று டீச்சரிடமே கேட்டேன். “என்ட பேரும் ரோட்டும் போடாத. மத்ததெல்லாம் எழுது புள்ள” என்றார். ஆகவே மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் ஓர் ஒழுங்கை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எனக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்தவர்.

முதல் பூனை எப்படி வந்தது என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். 2004 மார்கழி 26 இல் கடல் வந்தபோது நாவலடியில் இருந்த அவருடைய தங்கையும் தங்கையின் பிள்ளைகளும் போய்விட்டார்கள். சில நாள் கழித்து அந்த வீட்டு அத்திவாரத்தைப் பார்க்கப் போனவர், திரும்பும்போது ஒரு செம்மஞ்சள் பூனையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். கேட்பவர்கள் உடனே, “ஓ, அதுதானே காரணம்” என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்லி முடிக்க விருப்பமில்லை. அந்தப் பூனையும் பிறகு வந்த இன்னொன்றும் பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் ராசா ராணி மாதிரி இருந்தன. தனிக் கோப்பை, தனிப் பாய், வருடத்துக்கு ஒரு தரம் விசர்நாய்க்கடித் தடுப்பூசி. 2017 இல் டீச்சரின் அம்மா காலமானார். அடுத்த வருடம் மகன் கனடாவுக்குப் போனான். 2020 இல் ஊரடங்கு. அந்த மூன்று வருடத்துக்குள்தான் எண்ணிக்கை ஏறியது. கேற்றடிப் பெட்டிகளும் அந்த நேரத்தில்தான் கூடின.

2022 இல் எரிபொருள் வரிசையும் விலையேற்றமும் வந்தன. வெளிநாடு போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்தார்கள், பூனையை டீச்சர் வீட்டில் விட்டார்கள். நம் ஊரில் பூனையைக் கொன்றால் பாவம் என்பார்கள். கருத்தடை செய்வதும் பாவம் என்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் குட்டிகளை உரப்பையில் போட்டு மார்க்கெட்டிலோ கோயிலடியிலோ பாலத்துக்கு அங்காலோ கொண்டுபோய் விடுகிறோம். இரக்கமுள்ள ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் அங்கே விடுகிறோம். அவர் மறுக்க மாட்டார் என்று நமக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அடையாளங்கள் எல்லாமே வரிசையாகத் தெரிகின்றன. முதலில் விறாந்தையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தவர், பிறகு படியில் நிற்கவைத்துக் கதைத்தார், கடைசியில் கேற்றுக்கு வெளியே வந்து, கேற்றைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு கதைத்தார். யன்னல்கள் பூட்டியே கிடந்தன. “எத்தனை நிக்குது டீச்சர்?” என்று கேட்டால் ஒருநாள் பன்னிரண்டு, இன்னொரு நாள் பதினேழு. எந்தப் பூனைக்காவது கண் வடிந்தால், “சின்னத் தடிமன், மாறிரும்.” மாறவில்லை. மதில் மேல் வருகிறவற்றின் முதுகெலும்பை எண்ணலாம் போலிருந்தது. சந்தையில் அவர் வாங்குவது குறுனல் அரிசியும் சூடை மீனும் மட்டும். அதெல்லாம் பெரிய சட்டியில் கிண்டிப் பூனைகளுக்கு. டீச்சரின் சேலை பிளவுஸ் தோளில் நிற்காமல் வழுகியது.

பூனை நிறைய நிற்கிறது என்பதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆரையம்பதியில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் பதினான்கு நாய் வளர்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி அட்டை இருக்கிறது, பெட்டைகளுக்குக் கருத்தடை முடிந்திருக்கிறது, நீங்கள் போனால் உள்ளே வரச் சொல்லிக் காட்டுவார். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி பேட்ரோனெக் என்ற கால்நடை மருத்துவர், விலங்குகளை அளவுமீறிச் சேர்ப்பதைப் பற்றி 1999 இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிப்படையானது. பல விலங்குகளைச் சேர்த்துவைத்திருப்பவர், அவற்றுக்குத் தேவையான குறைந்தபட்ச உணவையும் சுத்தத்தையும் வைத்தியத்தையும் கொடுக்க முடியாமல் போய், அவை நோய்ப்பட்டுச் சாவதையும் வீடு பாழாவதையும் தன் உடம்பு கெடுவதையும் உணராமலோ உணர்ந்தும் எதுவும் செய்யாமலோ இருப்பதுதான் இந்தப் பிரச்சினை என்று அதில் விளக்குகிறார். எண்ணிக்கைக்கு அவர் ஓர் எல்லை போடவில்லை. படித்தபோது எனக்குக் கேற்றை முதுகால் சாத்தி நின்ற டீச்சர்தான் நினைவுக்கு வந்தார்.

பேட்ரோனெக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இப்படிப்பட்டவர்களை மூன்று விதமாகப் பிரிக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்து, நோயோ இழப்போ பணக் கஷ்டமோ வந்து கைமீறிப் போனவர்கள் ஒரு வகை. தன்னைத் தவிர யாரும் இவற்றைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று நம்பிச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இரண்டாவது. மூன்றாவது வகைக்கு விலங்கின் மேலே எந்தப் பாசமும் கிடையாது. காசுக்காகவோ அதிகாரத்துக்காகவோ வைத்திருப்பவர்கள், கேட்டால் பொய் சொல்லிச் சமாளிப்பார்கள். அவர்களிடம் பக்குவமாகப் பேசிப் பலனில்லை, சட்டம்தான் பேச வேண்டும். டீச்சர் முதல் வகையாகத் தொடங்கி இரண்டாவதுக்குள் போனவர் என்று நினைக்கிறேன். அந்த இரண்டாவதுக்குள் அவரைத் தள்ளியது நாங்கள்தான். வேறு யார் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்தால், எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை அது உண்மைதானே.

2023 தொடக்கத்தில் மணம் தாங்க முடியாமல் சிலர் கையெழுத்து வைத்து முறைப்பாடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள், ஆகவே அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், மாடு ஆடு கோழி என்றால் வரலாம், பூனைக்கு வர ஆளில்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், இது வேறு திணைக்களத்தின் வேலை என்றார்கள். கடைசியில் வீட்டைச் சுத்தப்படுத்தச் சொல்லி ஓர் அறிவித்தல் வந்தது. சட்டம் என்று பார்த்தால், 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் எழுதிய தண்டப்பணம் 100 ரூபாய். இன்றைக்கு ஒரு பாண் வாங்கவும் அது போதாது.

அறிவித்தல் வந்து சில நாளில், டீச்சர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒழுங்கைப் பொடியன்கள் நாலைந்து பேர் மதில் ஏறிக் குதித்து, பிடிபட்டதையெல்லாம் உரப்பைகளில் கட்டி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருபதுக்குக் கிட்ட என்று பிறகு சொன்னார்கள். எங்கே விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் அன்றிரவு முழுக்க டோர்ச் லைட்டுடன் ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார். என் யன்னலில் அந்த வெளிச்சம் இரண்டு தரம் பட்டுப் போனது. நான் எழும்பிப் போகவில்லை.

நாலே மாதத்தில் வீடு பழையபடி நிறைந்தது. முந்தியதைவிடக் கூட. வெறுமனே விலங்குகளை அள்ளிக்கொண்டு போனால் இவர்கள் ஏறக்குறைய எல்லோருமே திரும்பச் சேர்க்கத் தொடங்குவார்கள் என்று இந்தத் துறையில் உள்ளவர்கள் சொல்வது அதைத்தான். இன்னொரு பக்கம் கணக்கும் இருக்கிறது. பெட்டைப் பூனை ஐந்து ஆறு மாதத்திலேயே சினைப்படும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படலாம். வருடத்துக்கு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நாலு குட்டி என்றால் ஒரே பெட்டையிடமிருந்து பன்னிரண்டு. பொடியன்கள் இருபதைப் பிடித்தார்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்த பெட்டைகள் பிடிபடவில்லை.

அந்த வருடம் புரட்டாதியில் மூன்று நாளாக டீச்சரின் தலைக் கறுப்பே வெளியில் தெரியவில்லை. சோற்றுப் பார்சல் ஒன்றுடன் போய்த் தட்டினேன். திறக்காததால் பின்பக்கக் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மணம் என்று சொல்வது சரியில்லை. மூக்குக்கு முன் கண்தான் எரிந்தது. மூத்திரம் ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து வரும் அமோனியா அது. மூடிய வீட்டில் அது தேங்கும், தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும். ஆனால் அதற்குள்ளேயே இருப்பவரின் மூக்கு மரத்துப்போகும். டீச்சருக்கு உண்மையாகவே மணக்கவில்லை. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, “என்ன மனே, அழுறியா?” என்று கேட்டார்.

அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கட்டில் இருந்தது, ஆனால் அதில் அவருக்கு இடமில்லை. நிலத்தில் பேப்பர் விரித்து, அதன் மேல் பேப்பர் விரித்து, அது ஓர் அடுக்காகவே இறுகிப்போயிருந்தது. மடியில் ஒரு குட்டி. இரண்டு கண்ணும் பீழை கட்டி ஒட்டியிருந்தன. ஆறவைத்த கொதிநீரில் பஞ்சை நனைத்து, உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு என்று மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கைதேர்ந்த தாதி மாதிரி இருந்தது. இடது கண் திறந்தது. “பாத்தியா, பாக்குது” என்றார். அவருக்குப் பின்னால், அலுமாரியின் கீழ்த்தட்டில், துவாயால் போர்த்திய ஒரு பெட்டி. துவாயைத் தூக்கினேன். உள்ளே ஒரு பூனை செத்து இரண்டு நாளாவது இருக்கும். “அத எழுப்பாத,” என்றார், “இப்பதான் படுத்தது.”

பராமரிப்பும் பாராமையும் இரண்டு அடி தூரத்துக்குள் ஒரே ஆளிடம் இருந்ததை அன்று என் கண்ணால் கண்டேன். ‘கொடுமைக்காரி’ என்றவர்களும் ‘புண்ணியவதி’ என்றவர்களும் அந்த அறைக்குள் வரவேயில்லை. நானும் அதுவரை வந்ததில்லை.

அன்றைக்கு மணத்தைப் பற்றியோ எண்ணிக்கையைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. அது புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன், சொல்ல வாய் வரவில்லை. “இந்தக் குட்டிட கண்ண டொக்டரிட்ட காட்டுவமா டீச்சர்? நான் ஓட்டோ பிடிக்கிறன்” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எல்லாம் அந்த ஒரு குட்டியில்தான் தொடங்கியது. இப்படி ஒருவர் உங்கள் அயலில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்: சுத்தத்தில் தொடங்காதீர்கள், ஒரு பூனையில் தொடங்குங்கள். அவருக்கும் உங்களுக்கும் பொதுவான கவலை அது ஒன்றுதான். ‘விசர்’ என்ற சொல்லை அந்த வளவுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒன்றையும் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்று, காப்பாற்ற முடியாத வாக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கிழமை, “டீச்சர், எங்களுக்கு இடாப்பு மார்க் பண்ணின மாதிரி இவங்களுக்கும் மார்க் பண்ணுவமா?” என்று கேட்டேன். பழைய பெட்டி ஒன்றைக் கிளறி, பாதி எழுதிய வரவு இடாப்பு ஒன்றை எடுத்துவந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையும் நீலப் பேனையும் பக்கத்தில் வைத்து, பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, எல்லாவற்றையும் முகம் பார்த்துத் தெரிந்தது. இருபதில் நிற்கும் என்று நினைத்திருப்பார் போல. முப்பதைத் தாண்டியபோது அவருடைய குரல் தாழ்ந்தது. நாற்பத்து மூன்றில் முடிந்தது. பேனையை மூடி வைத்துவிட்டு, “என்ட வகுப்பில ஒருக்காலும் இவ்வளவு பேர் இருந்ததில்ல” என்றார். தன் வாயால் அவர் அந்த எண்ணைச் சொன்ன முதல் நாள் அது.

அதன் பிறகு நடந்தது மெதுவான வேலை. அவரிடம் படித்து இப்போது சுவிஸிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பூனைச் சாப்பாடு வாங்கப் பணம் அனுப்புகிறோம் என்றார்கள். சாப்பாடு வேண்டாம், கருத்தடைக்கு அனுப்புங்கள் என்றோம். முதலில் பெட்டைகள். கடுவன்களை ஒருசேரப் பின்னறையில் அடைத்தோம். கூடு இல்லை, ஆகவே மார்க்கெட்டில் மரக்கறி வரும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து நைலோன் கயிற்றால் கட்டினோம். முரடுகளைத் தலையணை உறைக்குள் போட்டோம். ஒவ்வொன்றையும் டீச்சரே தூக்கித் தந்தார், ஒவ்வொன்றும் திரும்பி வந்து காயம் ஆறும்வரை இடாப்பில் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கடைசியாகப் போன பெட்டையும் திரும்பி வந்தது. திரும்பி வரும் என்று அவர் நம்புவதற்கு அவ்வளவு நாள் எடுத்தது.

முகக்கவசம், கையுறை இல்லாமல் யாரும் உள்ளே போகவில்லை. சிறுபிள்ளைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் விடவில்லை. படர்தாமரை எனக்கும் தொற்றியது, பூச்சு மருந்தில் மாறியது. கடி, கீறல் விடயத்தில் மட்டும் கொஞ்சமும் தளர வேண்டாம். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் வரும். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய்க்குறி தொடங்கிவிட்டால் பிழைக்கவைக்க மருந்தே இல்லை.

மெதுவாகப் போனதற்கு விலை இருந்தது, அதையும் எழுதவேண்டும். இடாப்பைத் திறந்த பிறகு, கருத்தடை முடியுமுன் ஐந்து குட்டிகள் பிறந்தன. முதல் இரண்டு மாதத்தில் ஏழு செத்தன. நெருக்கத்தில் பரவும் பூனைச் சளியும் தெள்ளு குடித்த இரத்தமும்தான் காரணம் என்றார் டொக்டர். வேகமாக எடுத்திருந்தால் அதில் சிலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். எடுத்துக்கொண்டு போய் வைக்க மட்டக்களப்பில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. மூன்றை ஊசி போட்டுத் தூங்கவைக்க வேண்டிவந்தது. மூன்றையும் டீச்சர் மடியில் வைத்திருந்தார்.

டீச்சரின் இருமலுக்கு நெஞ்சுச் சிகிச்சைக்குப் போனபோது, நித்திரை இல்லை என்று தானாகவே சொன்னார். அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். “எனக்கென்ன விசரா?” என்று கடிதத்தை இடாப்புக்குள் செருகி இரண்டு மாதம் வைத்திருந்தார். பொருட்களை அளவுமீறிச் சேர்ப்பது ஒரு தனி மனநோய் என்று 2013 இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலே ஏற்றுக்கொண்டது, விலங்குகளைச் சேர்ப்பதையும் அதனோடு சேர்த்துத்தான் பேசுகிறது. நாங்கள் அதையெல்லாம் அவருக்கு விளக்கப் போகவில்லை. நித்திரைக்கு மருந்து கேட்கப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போனோம். நேரில் போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு எடுக்கலாம். மனநலப் பிரிவில் டீச்சர் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் வரும் வழியில், நாவலடிப் பக்கம் போவோமா என்றார். போனோம். கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

பத்தொன்பது பூனைகளுக்கு வீடு கிடைத்தது. கறுப்புகளுக்குத்தான் பெரிய பாடு. மிஞ்சிய பத்தொன்பதில் வயது போன மூன்று பிறகு செத்தன, வளவில் தேசிக்காய் மரத்தடியில் புதைத்தோம். இப்போது பதினாறு. யன்னல் திறந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் நான் போகிறேன், இடாப்பு மார்க் பண்ணுகிறோம், தேத்தண்ணி விறாந்தையில். ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், குட்டி போட்டால் எங்களிடம் சொல்லுங்கள், தாய்க்குக் கருத்தடை செய்து தருகிறோம், டீச்சர் கேற்றடியில் வைக்காதீர்கள் என்று கேட்டோம். சொன்ன வீடுகளில் பெரும்பாலானவை கேட்டன. நான் 2019 இல் வைத்த பெட்டியைப் பற்றி டீச்சரிடம் ஒருநாள் சொன்னேன். “தெரியும்,” என்றார். “உன்ட செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?” அந்த இரண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது, இடாப்பில் ஏழாவது பெயர்.

போன மாரி மழையில் ஒரு நாள், மணி ஆறுகூட ஆகவில்லை, போன் அடித்தது. “புள்ள, கேற்றடியில ஆரோ ரெண்டு குட்டி வச்சிட்டுப் போயிருக்காங்க. நான் உள்ளுக்கு எடுக்கல்ல. நீ வா.”

பெட்டி மதிலுக்கு வெளியே இருந்தது. டீச்சர் அதன் பக்கத்தில், முழங்கால்வரை நனைந்துபோய், குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.